கண்ணமங்கலத்துக்கு அப்புறம்

...தலைநகர் என்றால் தலைநகர்தானே, சம்பந்தி ஒன்றும் பொய் சொல்லிவிடவில்லையே, "பையனுக்கு அமெரிக்காவுல அந்த கவுண்டியோட ஹெட்குவார்ட்டர்ஸ்லயே வீடுங்க" என்றார், கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று அவரே விளக்கமும் சொன்னார், அவ்வளவுதான், அதைக் கேட்டதும் கலெக்டர் ஆபீசு, பஸ் ஸ்டாண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரியாஸ்பத்திரி என்று வரிசையாகக் கட்டி நிறுத்திக்கொண்டது ரேணுகாம்பாளின் மண்டைதான், அதற்கு அந்த மனுஷன் என்ன செய்வார்... கிளறு, கிளறு, கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். சுக்கும் திப்பிலியும் வெல்லப்பாகில் விழுந்து கொதிக்க, காரம் கண்ணில் ஏறியது. அடுத்த வாரம் விமானம் ஏறும்போது கையோடு கொண்டுபோகப் பிரசவ லேகியம். மகளுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கிறது என்றுதான் கணக்கு. கணக்காவது மண்ணாவது! காலையில் பல் விளக்கும்போது மாப்பிள்ளை வளவன் போன் பண்ணுகிறான், "அத்தை, மதிக்குப் பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு, கிளம்பிட்டோம், ஆஸ்பத்திரி எண்பது மைலு அத்தை, பனி வேற கொட்டுது." எண்பது மைலா? தலைநகரில் வீடு, ஆஸ்பத்திரி எண்பது மைலா? வீட்டுக்காரர் அர்ஜுனன்தான் மனசுக்குள் கணக்குப் போட்டு, இங்கிருந்து வேலூர் போய்ப் பாதி வழி திரும்பி வருகிற தூரம் என்றார். இந்த ஆளுக்கு ஊரில் வேறு தூரமே கிடைக்கவில்லையா, வேலூரைத்தான் சொல்லவேண்டுமா?

"இன்னாங்க, புள்ளி நகருதா?" கூடத்தில் அர்ஜுனன் செல்போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளின் கார் அதில் தெரிகிற ரோட்டுப் படத்தில் ஒரு நீலப்புள்ளி. "நின்னுட்ச்சு ரேணு. டவர் இருக்காது அங்க." டவர் எப்படி இருக்கும், ஆள் இருந்தால்தானே டவர், அந்த வெல்டன் கவுண்டியைப் பற்றி ரேணுகாம்பாளுக்குத் தெரியாதது உண்டா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாளே. நம் மாவட்டத்தில் முக்கால்வாசி அகலம், ஆனால் மொத்த ஜனம் இரண்டாயிரத்துச் சொச்சம், பௌர்ணமிக்கு இந்த அடி அண்ணாமலையில் வாசல் தெளிக்க விடாமல் போகிற கிரிவலக் கூட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது. ஒரே மட்டமான பூமி, ஒரு குன்று கிடையாது. தலைநகரில் மட்டும் எண்ணூறு பேர். ஒரு காலத்தில் கவுண்டி முழுக்க ஒன்பதாயிரம் பேர் இருந்தார்களாம், அதற்கும் முன்னால் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களை அடித்து விரட்டிவிட்டு, வந்தவனுக்கெல்லாம் நிலத்தைச் சும்மா கொடுத்தார்களாம், பிறகு மழை பொய்த்து, புழுதி எழும்பி, ஊர் ஊராகக் காலி. ரயில் வேறு ஊர் வழியாகப் போனதும், கோர்ட்டுக் காகிதங்களை வண்டியில் ஏற்றி ஒரே ராத்திரியில் தலைநகரையே இடம் மாற்றினார்களாம். இதையெல்லாம் பக்கத்து வீட்டு சந்திரகலாவிடம் கை ஆட்டி ஆட்டிச் சொன்னாளே, "நம்ம வேலூரைப் பிரிச்சு இத்த மாவட்டம் பண்ணாங்க இல்ல, அதும்மாதிரிதான், எம் பொண்ணு ஹெட்குவார்ட்டர்ஸ்ல கீறா" என்று. எண்ணூறு பேருக்கு யார் பிரசவ ஆஸ்பத்திரி கட்டுவார்கள் என்று அப்போது ஏன் தோணவில்லை? சரித்திரம் தெரிந்தது, பூகோளம் தெரிந்தது, இது தெரியவில்லையே சிறுக்கி உனக்கு!

மதி சொல்லாமலா இருந்தாள்? சொன்னாள். செக்கப்புக்கு ரொம்ப தூரம்மா என்றாள், கார் இருக்குது இல்ல என்றாள் இவள். வழியில ஒரு ஆளப் பாக்க முடியலம்மா என்றாள், ஜனம் கம்மினா சீக்கு கம்மி என்று சிரித்தாள் இவள். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், கேட்டே விட்டாள், "நான் அங்க வந்துடட்டுமாம்மா?" தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதை ஒரு பெண் வாய்விட்டுக் கேட்க வேண்டுமா, தாய்க்காரி அல்லவா போய் அழைத்து வரவேண்டும்? இவள் சொன்ன பதில் இப்போதும் காதில் கேட்கிறது, "அமெரிக்கா ஆஸ்பத்திரிய வுட்டுட்டு இங்க இன்னாத்துக்குடி வர, பைத்தியமா?" அதற்குமேல் மதி கேட்கவில்லை. ஏழாம் மாதம் வளையல்களைப் பார்சலில் அனுப்பி, செல்போனைத் தேங்காய் மேல் சாய்த்து வைத்து வளைகாப்பு நடத்தினார்கள். அந்தப் பெண் தனக்குத் தானே வளையல் போட்டுக்கொண்டது. ஐயோ, அதைப் பார்த்துமா புத்தி வரவில்லை?

புத்தி எங்கே வரும், அவளுடைய புத்திதான் அந்தப் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறதே... மாவட்டம் பிரிவதற்கு முந்தின வருஷம், இவளுக்குத் தலைப்பிரசவ வலி, இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் இங்கே முடியாது வேலூருக்குக் கொண்டுபோங்க என்று கைவிரித்துவிட்டார்கள், காருக்கு வழியில்லை, பஸ்ஸில் ஏற்றினார்கள். யாரோ ஒரு பூக்காரம்மா இவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இதோ போளூர் வந்துட்ச்சு கண்ணு, இதோ சந்தவாசல், கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கோ என்று வழி நெடுக ஊர்ப்பேராகச் சொல்லிக்கொண்டு வந்தது. கண்ணமங்கலத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்தார்கள். ஆண் பிள்ளை, அழவே இல்லை. பஸ் இவர்களை இறக்கிவிட்டு வேலூருக்குப் போய்விட்டது, இவர்கள் அங்கிருந்தே திரும்பினார்கள். அன்றோடு சரி, அந்தத் திசையில் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. பிறகு இந்த ஊரே தலைநகர் ஆனது, ஐந்தே நிமிஷத்தில் பெரியாஸ்பத்திரி, மதி பிறந்தாள், தொண்டை கிழிய அழுதாள். தலைநகரில் இருந்தால் பிள்ளை பிழைக்கும். அதைத்தான் சம்பந்தி வாயிலிருந்து அன்றைக்குக் கேட்டாளா? அண்ணன் ஒருவன் இருந்தான் என்று மதிக்கு இதுவரை சொன்னதில்லை. எதற்குச் சொல்லவேண்டும்?

போன் அடித்தது. அர்ஜுனன் ஓடிவந்து அவள் காதில் வைத்துப் பிடித்தார். மகள் மூச்சு வாங்குவது முதலில் கேட்டது.

"மதி, எங்கடி கீறீங்க?"

"தெரியலம்மா. வெளிய எல்லாம் வெள்ளையா இருக்குது. ஒரு வீடு இல்ல, ஒரு லைட் இல்ல. அவர் மெதுவாத்தான் ஓட்டுறாரு. அம்மா, எதனா பேசு, நிறுத்தாத பேசிக்கிட்டே இரு."

என்ன பேசுவது? அந்த வழியில் சொல்லக்கூட ஒரு ஊர்ப்பேர் இல்லை. அவளைக் கேட்காமலே வாய் தானாகத் திறந்தது. "கண்ண மூடிக்கோ கண்ணு. நாம பஸ்ஸுல போறோம்னு நெனச்சுக்கோ. ஜன்னல் சீட்டு உனக்கு. வேங்கிக்கால் தாண்டியாச்சு. இதோ நாயுடுமங்கலம். பல்லக் கடிச்சுக்கோ. போளூர் வந்துட்ச்சு பாரு, வெள்ளரிப் பிஞ்சு விக்கிறாங்க." மகள் அந்தப் பக்கம் ம்... ம்... என்று கொட்டினாள். "சந்தவாசல்... கண்ணமங்கலம்..."

அர்ஜுனன் சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கரண்டி நின்றுவிட்டது, வெல்லம் தீயும் வாசனை மெல்ல எழும்பியது.

"அப்புறம்? கண்ணமங்கலத்துக்கு அப்புறம் எந்த ஊரு? சொல்லும்மா!"

அந்த கவுண்டிக்கு நாலு பக்கமும் என்னென்ன கவுண்டி என்று ரேணுகாம்பாளுக்குத் தெரியும். இது தெரியவில்லை. அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.