சத்தமில்லாத தொட்டி

கடைத் தரையில் சாக்கை விரித்து, பிவிசி சாமான்களை அதன்மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மகாராஜன். கண்ணாடித் தொட்டியின் துளையில் மாட்டுகிற கனெக்டர், அதற்கு இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், முறுக்கித் தண்ணீரைக் குறைக்க ஒரு வால்வு. எல்லாம் பொறுக்கியாகிவிட்டது. மேலிருந்து வழிகிற தண்ணீர் கீழ்த்தொட்டிக்குத் திரும்புகிற இடத்துக்கு எதைப் போடுவது என்பதுதான் பாக்கி. ஒரு கையில் எல்போ, மறு கையில் பெண்டு. எல்போ முழங்கையை மடக்கியதுபோல் வெடுக்கென்று திரும்பும். பெண்டு, வண்டிப்பாதை மாதிரி நிதானமாக வளையும்.

சாக்கின்மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்து முதலாளியின் வாயைப் பார்த்தான்.

"என்னலே, தராசு பிடிச்ச மாதிரி உக்காந்திருக்க?"

"டீச்சரம்மா வீட்டுத் தொட்டிக்கு மொதலாளி. பெண்டு போட்டா தண்ணி நின்னு எறங்கும்."

"அந்த ஒண்ணுதான் கெடக்கு. அது டாக்டர் வீட்டுக்கு. எல்போவப் போடு. தண்ணிக்கு எந்த வளவு இருந்தா என்ன, வழி கெடச்சா போயிரும்."

மகாராஜன் பெண்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தான். எல்போவில் தண்ணீர் காற்றையும் சேர்த்து விழுங்கும், சத்தம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தான். எந்த அளவுக்கு என்று அவனால் சொல்ல முடியாது.

இந்தக் கொட்டகையில்தான் முன்பு சங்கரநாராயணன் முதலாளியின் விசைத்தறிகள் ஓடின. சேலைக்கு விலை விழுந்ததும் தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டு, அதே இடத்தில் வண்ண மீனும் தொட்டியும் வியாபாரம் தொடங்கினார். நெய்தவர்களில் மகாராஜனை மட்டும் நிறுத்திக்கொண்டார். கை சுத்தம், வாய் பேசாத ஆள் என்பது அவர் சொன்ன காரணம். தறி ஓடிய காலத்தில் யாருமே வாயைத் திறந்து பேசியதில்லை. உதட்டை அசைத்து, விரலைக் காட்டி, கண்ணால் கேட்டுச் சொல்லிக்கொள்வார்கள். கடைசித் தறியை நிறுத்திய அன்று மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, இவ்வளவு அமைதியா என்று சிரித்தார்கள். அவனுக்குப் பெரிதாக ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. அப்போதுதான் தன் காதைப் பற்றித் தெரிந்துகொண்டான்.

அது அவன் மனைவி பேச்சித்தாய்க்கு மட்டும் தெரியும். தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். "மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலைக்கு வச்சிக்கிட மாட்டாவ. மொகத்தப் பாத்து நின்னுக்கிடுங்க" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். முகத்துக்கு நேரே பேசினால் பாதி காதிலும் பாதி உதட்டிலுமாகப் பிடித்துக்கொள்வான். முதுகுக்குப் பின்னால் பேசினால் ஒன்றும் கிடைக்காது.

ஞானபூரணம் டீச்சர் வீட்டில் தொட்டியை மாட்டியது ஆடித்தபசுத் திருவிழா சமயம். தெருமுனையில் கட்டியிருந்த குழாய் ரேடியோ காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஓடவிட்டு, தொட்டிக் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். லேசாக நடுங்கியது.

"சத்தம் எதும் கேக்குதா டீச்சர்?"

"இந்த ரேடியோவுல எங்கடே கேக்கும்? நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். தனியாக இருக்கிற அம்மா. மகன் பிரின்ஸ் சார்ஜாவிலிருந்து பேச்சுத்துணைக்கு மீன் வாங்கிக்கொடுத்திருந்தான்.

திருவிழா முடிந்து, தெருவும் அடங்கி, ரேடியோவைக் கழற்றிக்கொண்டு போன பிறகு டீச்சரின் போன் வந்தது. முதலாளியே பைக்கில் மகாராஜனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

"ராத்திரி பூரா எவனோ வீட்டுக்குள்ள நின்னு வாய் கொப்பளிக்க மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார் டீச்சர். "எந்திரிச்சி எந்திரிச்சி லைட்டப் போட்டுப் பாக்கேன். மீனு என்னயப் பாக்குது."

முதலாளி தொட்டியின் பக்கம் தலையைச் சாய்த்தார். உடனே முகம் சுளித்தது. "மடக்கு மடக்குன்னு குடிக்குதே. இவ்வளவு சத்தம் கேக்கு, நீ எப்பிடிலே விட்டுட்டு வந்த?"

மகாராஜன் தொட்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தான். எல்போ என்று சொன்னால் முதலாளியைச் சொன்னதாகிவிடும்.

"சரி, கீழ வால்வக் கொஞ்சங் கொஞ்சமா மூடு. கொழாய் நெறஞ்சி தண்ணி போனாச் சத்தம் நின்னுரும். நின்னவொடனே கைய எடுத்துரு."

தொட்டிக்கு அடியிலிருந்த மரப்பெட்டிக்குள் தலையை நுழைத்தான். பலகை வாசனையும் ஈரமும். விரல்களை வால்வில் வைத்து மயிரிழை திருப்பினான். குழாய் நடுங்கியது. இன்னும் கொஞ்சம். நடுக்கம் குறைந்த மாதிரி இருந்தது. சத்தம் நின்றுவிட்டதா, நிற்கப்போகிறதா? தலையை வெளியே எடுத்து டீச்சர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்தால், எதற்குப் பார்க்கிறான் என்று முதலாளிக்கும் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினான். குழாய் செத்ததுபோல் ஆனது. நிச்சயத்துக்கு இன்னொரு தடவை.

பின்னால் டீச்சர் போதும் என்று முதலில் மெதுவாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

புறங்கழுத்தில் சில்லென்று தண்ணீர் விழுந்தபோதுதான் மகாராஜன் தலையை வெளியே இழுத்தான். கீழிருந்த மோட்டார் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்தது. இறங்க வழியில்லாமல் தொட்டியின் விளிம்பெல்லாம் வழிந்து சுவரோரத்து பீரோவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு மீன் ஒன்று தரையில் துள்ளியது. டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, வாயை அகலத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். முதலாளி ஓடிவந்து மோட்டார் சுவிட்சை அணைத்தார்.

மகாராஜன் மீனை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டிக்குள் விட்டான். பிறகு வால்வைத் திறந்துவிட்டு, தரையைத் துடைத்தான்.

"எத்தன மட்டம் போதும் போதும்னேன்" என்றார் டீச்சர். இப்போது கோபம் போய், அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்குக் கேக்கவே இல்லியா தம்பி?"

அவன் துணியைப் பிழிந்தான்.

திரும்பி வருகிற வழியில் முதலாளி பேசினாரா, பேசவில்லையா என்பது பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியவில்லை. முதுகு அசையாமல் இருந்தது.

கடைக்கு வந்ததும் வழக்கம்போல் கண்ணாடி துடைக்கத் தொடங்கினான். வாசலுக்கு எதிரே இருந்த பெரிய தொட்டி. பாதித் தொட்டியைத் துடைத்திருப்பான். மீன்கள் கூட்டமாக அவன் துணிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன. திடீரென்று அவ்வளவும் ஒரே நேரத்தில் சிதறி மூலைக்கு ஓடின. எதனால் என்று புரியாமல் துணியைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் பார்த்தான்.

முதலாளி நாலடி தள்ளி நின்றிருந்தார். அவர் காலடியில், சிமிண்டுத் தரையில் குழாய் முறுக்குகிற இரும்பு ரிஞ்சு கிடந்தது. கை இன்னும் அதைப் போட்ட மாதிரியே விரிந்திருந்தது.

"எப்பலேருந்துலே?"

"இங்கனதான் மொதலாளி. தறியில நிக்கும்போதே."

"நானும்தான இங்கன இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே."

மகாராஜன் அவரைத் தாண்டி, அவருடைய கண்ணாடி அறையைப் பார்த்தான். தறி ஓடிய காலத்தில் கதவு இடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்துக் கட்டியது. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு பெண்டு போட்டிருந்தா இது வந்திருக்காது மொதலாளி" என்றான். அவன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலாளி வாசல் பக்கம் திரும்பி, யாராவது கேட்டார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"கோவப்படாத மகாராசா. மீன் தொட்டியில சத்தந்தான் மெயின். கஸ்டமர் வீட்டுக்கு எப்பிடி ஒன்னய நம்பி அனுப்புவேன்? டீச்சர் நாலு பேர்ட்டச் சொல்லும். நீ ஒண்ணு செய்யி. நாளையிலேருந்து..."

சொல்லிக்கொண்டே ரிஞ்சை எடுக்கக் குனிந்தார். மிச்சத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னார். நரைத்த உச்சந்தலை மட்டும் பேசுவதுபோல் அசைந்தது.

மகாராஜன் ஈரத்துணியைப் பிடித்தபடி, அவர் நிமிர்வதற்காகக் காத்திருந்தான். நிமிர்ந்தபோது அவர் உதடுகள் மூடியிருந்தன. பின்னால் மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, துடைத்த கண்ணாடியில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடின.