எண்பத்தொன்றுக்கு மேலே

பெண்கள் குத்துச்சண்டைப் போட்டிக்குக் காலை ஏழு மணிக்கே எடை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பனியனும் அரைக்கால் சட்டையுமாக முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மூட்டைக்காரரின் மகள் ஒருத்திதான் நாலு முட்டை, ஒரு முழு ரொட்டி, ஆறு வாழைப்பழம் என்று உள்ளே தள்ளிவிட்டு, நடந்தால் வயிற்றில் தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்க வந்து நின்றாள்.

மற்ற பிரிவுகளுக்கெல்லாம் மேலே கூரை உண்டு. இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்பார்கள். ஹெவிவெயிட்டுக்குக் கூரை கிடையாது, தரை மட்டும்தான். எண்பத்தொன்றைத் தாண்டினால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. கீழ்ப் பிரிவில் இறங்கலாமே என்றால், அதற்கு மகளின் சங்கத்திலிருந்து ஏற்கனவே ஒருத்தி பெயர் கொடுத்திருந்தாள். ஒரு பிரிவுக்கு ஒருத்திதான்.

"எழுபத்தொம்பது புள்ளி மூணு" என்று எடை பார்க்கிற அம்மாள் படித்தாள். "போதாது. தள்ளிக்கோம்மா. பத்து மணிக்குள்ள திரும்ப வரலாம்."

மகள் தராசிலிருந்து இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எடை பார்க்கும்போது டீச்சர் எண்ணைச் சத்தமாகப் படிப்பாள், வகுப்பு முழுக்கச் சிரிக்கும், இவள் குனிந்த தலை நிமிராமல் வந்து உட்காருவாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரு தராசில் ஏறினாள். அதுவும் காலை வாரிவிட்டது.

மூட்டைக்காரர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷமாகச் சர்க்கரைக் கிடங்கில் சுமை தூக்குகிறவர். ஆள் விறகு மாதிரி இருப்பார். கடைக்காரனை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார், தராசை நம்பவே மாட்டார். உலகத்தில் அவர் நம்பியது கிடங்கில் தன் கையாலேயே துடைத்து வைக்கிற தராசு ஒன்றைத்தான். முந்தின நாள் சாயங்காலம் மகளை அதில் ஏற்றிப் பார்த்திருந்தார். எண்பத்திரண்டு.

"மாஸ்டர், ராத்திரியோட ராத்திரியா மூணு கிலோ எங்க போச்சு? எலி தின்னுடுச்சா?"

"உங்க கிடங்குத் தராசு மூட்டை நிறுக்கறதுண்ணே. இது மனுஷங்களுக்கு" என்றார் குத்துச்சண்டை மாஸ்டர். "தண்ணி குடிக்கச் சொல்லுங்க. நேரம் இருக்கு."

மகள் குடித்தாள். ஒரு பாட்டில் போனது. இரண்டாவது பாதியில் கண்ணெல்லாம் சிவந்து, குழாயடிக்கு ஓடிப்போய் குடித்தது, தின்றது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திரும்ப வந்து ஏறினால் எழுபத்தொன்பது புள்ளி ஒன்று.

"போதும்ப்பா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. வேறே பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் வரிசையின் பேச்சு காதில் விழுந்தது. "எனக்கு வீட்டைவிட ஒரு கிலோ கம்மி." "எனக்கும்தாண்டி, ஒன்றரை கிலோ கம்மி!" எல்லோரும் ஏதோ வரம் கிடைத்தது போலப் பூரித்துப்போயிருந்தார்கள். மாஸ்டரின் சொந்த மகள், குருவி என்று கூப்பிடுவார்கள், அறுபது கிலோப் பிரிவு. இரண்டு நாள் பட்டினி கிடந்து ஐம்பத்தொன்பதரைக்குள் வந்துவிட்டாளாம். குதித்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்திக்குக் குறைந்தால் பட்டினி. எல்லோருக்கும் குறைந்தால்?

மூட்டைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தார்.

"பெரியவரே, என்ன பண்றீங்க? பொம்பளைங்க நிக்கற இடம்" என்று எடை பார்க்கிற அம்மாள் கத்தினாள்.

"நான் பொம்பளைங்களைப் பாக்கலம்மா. உங்க தராசோட வயித்தைப் பாக்கறேன். அடுத்த ஆளை ஏறச் சொல்லு."

வெறும் காலோடு நிற்கிறவர்களுக்குப் பாதம் சில்லிடக்கூடாதென்று யாரோ நல்ல மனசுக்காரர் பயிற்சிக்கூடத்து ரப்பர் மெத்தையைக் கொண்டுவந்து தராசுக்குக் கீழே விரித்திருந்தார். ஆள் ஏறியதும் தராசின் நாலு காலும் மெத்தைக்குள் புதைந்தன. நடுவில் மெத்தை பிதுங்கி, தட்டின் அடியைப் போய்த் தொட்டது. கீழே தெரிந்த வெளிச்சம் காணாமல் போயிற்று.

கிடங்கில் அவர் பார்க்காத வித்தையா இது? சரக்கு வாங்க வருகிறவன் தட்டுக்கடியில் ஒரு கோணித் துண்டைச் செருகிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அடியில் எது முட்டினாலும் பாரத்தில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். தராசு குறைத்துத்தான் காட்டும்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"எனக்கும் புரியுதுண்ணே. ஆனா சத்தம் போடாதீங்க. உங்களுக்குக் கும்பிடு போடறேன். குருவி எங்க வீட்டுத் தராசுல அறுபத்தொண்ணுக்கு மேல. மெத்தையைத் தள்ளி வெச்சா அவ போட்டியிலேர்ந்து போயிடுவா."

"தள்ளி வெக்கலைன்னா என் மக போயிடுவா."

"உங்க பொண்ணுக்கு அடுத்த வருஷம் இருக்கு."

"உங்க பொண்ணுக்கு மட்டும் அடுத்த வருஷம் வராதா மாஸ்டர்?"

மாஸ்டர் கையை விட்டுவிட்டார்.

மூட்டைக்காரர் பக்கத்து அறைக்குப் போய், பளு தூக்குகிறவர்களின் இருபது கிலோ இரும்பு வட்டுகள் நாலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முப்பது பெண்களும் வாயைப் பிளந்தார்கள். அறுபது வயது மனிதர், மூச்சுக்கூட வாங்கவில்லை. ஒவ்வொன்றாக இறக்கித் தராசில் வைத்தார்.

"இருபதுன்னு இரும்புலயே எழுதியிருக்கு. நாலு இருபது எவ்வளவும்மா? நான் படிக்காதவன்."

"எண்பது."

"தராசு என்ன சொல்லுது?"

அம்மாள் குனிந்து பார்த்தாள். மெல்லப் படித்தாள். "எழுபத்தேழு புள்ளி எட்டு."

"இந்த இரும்பும் ரெண்டு நாளா பட்டினியா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு புரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மெத்தையை உருவிவிட்டுத் தராசைச் சிமெண்டுத் தரையில் வைத்து, அதே வட்டுகளை ஏற்றினார்கள். எண்பது. புள்ளிக்குப் பிறகு சுழி.

கூடம் கொந்தளித்துவிட்டது. "யாருய்யா இந்தக் கிழவன்?" "உன் பொண்ணுக்காக எங்க பொண்ணுங்க வயித்துல அடிக்கறியா?" ஒரு பயிற்சியாளர் அடிக்கவே வந்துவிட்டார். மூட்டைக்காரர் நகரவில்லை. எடை பார்க்கிற அம்மாள்தான் நோட்டில் அதுவரை எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்து, "எல்லாரும் முதல்லேர்ந்து வாங்க" என்றாள். அவளை மட்டும் அன்றைக்கு அவர் கொஞ்சம் நம்பினார்.

மகள் ஏறினாள்.

"எண்பத்தொண்ணு புள்ளி மூணு. ஹெவிவெயிட்."

"இன்னும் சத்தமாச் சொல்லும்மா" என்றார் மூட்டைக்காரர். "அந்தக் கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

எட்டுப் பேருக்கு எடை மிஞ்சியது. குருவிக்கு அறுபத்தொன்று புள்ளி ஒன்று. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குருவி அழக்கூடத் தண்ணீர் இல்லாத கண்ணோடு நின்றாள். மகள் போய், வியர்த்து எடை இறங்கட்டும் என்று அவளுக்கு இரண்டு கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குத்தான் எழுதியாச்சேக்கா. நீ ஏன் ஓடற?"

"நீ தனியா ஓடினா மூணாவது சுத்துல உக்காந்துடுவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

"உங்கப்பாவாலதான் இவ்வளவும்."

"ஆமா. திட்டிக்கிட்டே ஓடு, சீக்கிரம் குறையும்."

திட்டிக்கொண்டேதான் ஓடினாள். ஒரு மணி நேரம், ஏறின வெயிலில், யானையும் குருவியுமாக. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது. மாஸ்டர் வந்து மூட்டைக்காரர் மகளின் கைப்பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்த மனிதரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

சாயங்காலம் மகளுக்கு எதிரே மேடை ஏறியவள் தீயணைப்பு வேலை பார்க்கிறவள். தொண்ணூற்றெட்டு கிலோ. மூட்டைக்காரர் பார்வையாலேயே தூக்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார்.

ஹெவிவெயிட் அடி என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டார். சின்னப் பெண்கள் அடித்துக்கொண்டபோது கைதட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. இவர்கள் அடித்துக்கொண்டபோது லாரியிலிருந்து மூட்டையை இறக்கிப் போட்ட சத்தம். முதல் சுற்றில் தீயணைப்புக்காரி மகளைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தினாள். பதினேழு கிலோ கூடுதல் பாரம். மகள் முழங்காலை மடித்து, பாரத்தை இடுப்பில் வாங்கி, மெல்லத் தள்ளிக்கொண்டே நடு மேடைக்கு வந்தாள். யாரும் சொல்லித்தராத வேலை அது. கிடங்கில் மூட்டையை வாங்க மூட்டைக்காரர் நிற்கிற அதே நிலை. இரண்டாம் சுற்றில் மகளின் இடது கை இரண்டு தடவை போய் விழுந்தது. மூன்றாம் சுற்றில் தீயணைப்புக்காரி பின்வாங்கிக்கொண்டே இருந்தாள். குருவி போட்ட கூச்சலில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவளை எச்சரித்தார்.

மணி அடித்தது. ஐந்து நீதிபதிகள். நாலு பேர் மகளுக்கு, ஒருத்தர் மற்றவளுக்கு. நடுவர் மகளின் கையைத் தூக்கினார். கூடமே எழுந்து நின்று தட்டியது. காலையில் அடிக்க வந்த பயிற்சியாளரும் தட்டினார்.

மூட்டைக்காரர் தட்டவில்லை. "யாரு அந்த ஒருத்தன்?" என்றார்.

"விடுங்கண்ணே. ஜெயிச்சாச்சு" என்றார் மாஸ்டர்.

"ஜெயிச்சது எனக்குத் தெரியாதா? அவ நின்ன நிலையைப் பாத்த பிறகும் அந்தப் பக்கம் போட்டானே, அவன் மூஞ்சியை மட்டும் ஒரு தடவை காட்டுங்க, போதும்" என்று சொல்லிக்கொண்டே நீதிபதிகள் உட்கார்ந்திருந்த மேசைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.