நெகட்டிவில் விழுந்த கை

குளியலறைச் சன்னலைக் கம்பளியால் அடைத்து, ஃபிலிமை அலசி முடித்துக் குலசேகரம் விளக்கை ஏற்றியபோது, அவர் மனத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. தீமிதித் திருவிழாவில் மாலை சூடி நின்ற, தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரை, படத்தில் கண்ணை மூடாமல் இருக்க வேண்டுமே! புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் குலசேகரம். அங்கே காமிரா வைத்திருந்தவரும் அவர் ஒருவரே.

துரையின் கண்கள் திறந்தே இருந்தன. ஆனால் அவருக்குப் பின்னால், முள்வேலி ஓரத்தில், பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் தாயம்மா நின்றிருந்தாள். அவளுடைய வலக்கை கம்பிகளுக்கிடையே புகுந்து வெளியே நீண்டிருந்தது. கையில் ஒரு துணிப் பொட்டலம்.

குலசேகரம் ஃபிலிமை விளக்கருகே கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார்.

அவசரகாலச் சட்டம் வந்தபின் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்திருந்தது. பொழுது சாய்ந்தால் வாசலைப் பூட்டிவிடுவார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு வேலி தாண்டிப் போனாலும், கொடுத்தவருக்குச் சிறை நிச்சயம். அன்றிரவு தீ மிதிக்க மட்டும் போலீசார் பெரியமனது பண்ணி அனுமதி கொடுத்திருந்தார்கள். வேலிக்குள்ளும் மக்கள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள் என்று சிரம்பான் மேலதிகாரிகளுக்குக் காட்டத் துரைக்குப் படங்கள் தேவைப்பட்டன. அச்சிட்ட படங்களோடு ஃபிலிமையும் வெட்டாமல் முழுதாக ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. அவற்றை வாங்கிப்போக மறுநாள் மத்தியானம் போலீஸ் அதிகாரியே வருவதாக இருந்தார்.

"என்னப்பா, இன்னும் படுக்கேல்லையே?" மனைவி சிவபாக்கியம் வெளியிலிருந்து கதவைத் தட்டினாள்.

"வாறன், வாறன்."

"துரையின்ர முகத்தை விடிய விடியப் பார்க்க அதில என்ன கிடக்கு? கலியாணத்தண்டுகூட என்னை நீங்கள் இப்பிடிப் பார்க்கேல்லை."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

படுத்தும் கண் மூடவில்லை. சவர பிளேடால் நெகட்டிவில் அந்தக் கையை மெல்லச் சுரண்டிவிட்டால் அச்சில் அவ்விடம் கறுப்பாகிவிடும். இருட்டோடு இருட்டாகப் போய்விடும். ஆனால் மணப்பெண்ணின் அம்மைத் தழும்பை மறைத்துத் தரும்படி கெஞ்சியவர்களிடம்கூட, "நடந்ததைத்தான் படம் காட்ட வேண்டும்" என்று மறுத்தவர் அவர். அதுவும் போகட்டும், அவள் உண்மையிலேயே காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்திருந்தால்? சுரண்டியவரும் அல்லவா கூட்டாளியாகிவிடுவார்? எழுந்துபோய் விளக்கை ஏற்றிப் பார்த்தார். கை உள்ளே திரும்பியிருக்கவில்லை. படுத்தார். மறுபடியும் எழுந்தார்.

விடியற்காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட ஆட்கள் வரிசையாக நின்றபோது, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் இராஜமாணிக்கம் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க கிராணி ஐயா, தீ மிதிச்சது நீங்களா? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே லா!"

அவர் அப்பால் போகும்வரை காத்திருந்து, குலசேகரம் தாயம்மாவைத் தனியே அழைத்தார்.

"நேற்று வேலிக்கு வெளியே யாருக்கு என்ன கொடுத்தாய்?"

"முனியாண்டிக்குத்தான் ஐயா. அவருக்கு மொதப் படையல் வைக்காம தீயில எறங்கலாமா? கம்பி கட்டுனவங்க சாமிய வெளிய வுட்டுட்டு நம்மள உள்ள வச்சுட்டாங்க. பூசாரி இங்கருந்தே சூடத்தக் காட்டுனா போதும்னாரு. அவரு புருசனையா புடிச்சிட்டுப் போனாங்க? எம் புருசனுக்காக நான் வேண்டிக்கிட்டது, நான்தானே வைக்கணும்?"

அவள் கணவன் சன்னாசி தடுப்புக்காவலில் இருப்பது தோட்டமே அறிந்தது.

"பொட்டலத்தில் சோறா?"

"சோறு, கருவாடு, ஒரு சுருட்டு."

"அது படத்தில் விழுந்திருக்கிறது."

"மூஞ்சியுமா?" என்றாள். "நல்லா வுழுந்திருக்கா ஐயா?"

"தாயம்மா! அதைப் போலீஸ் பார்க்கப்போகிறது."

அவள் கையிலிருந்த வாளி தரையில் இறங்கியது. "சாமிக்கு வச்சதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"வேலிக்கு வெளியே சோறு போனாலே அவர்களுக்குப் போதும்."

"நானும் போயிட்டா புள்ளைங்கள யாரு பாப்பா?" என்றாள் மெல்லிய குரலில். "நீங்களே பாத்து ஏதாச்சும் செய்யுங்கய்யா."

வீட்டிற்குத் திரும்பியவர், மூச்சை அடக்கிக்கொண்டு பிளேடின் முனையால் சுரண்டத் தொடங்கினார். முதலில் பொட்டலம் போயிற்று. பிறகு விரல்கள், மணிக்கட்டு, முழங்கை. ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்தார். கை இல்லை. ஆனால் கை இருந்த இடத்துக் கம்பிகளும் இல்லை! வேலியில் யாரோ வெட்டி வழி வைத்ததுபோல ஓர் ஓட்டை, அதனருகே தாயம்மா. சோறு கொடுத்த குற்றமே தேவலை என்றாகிவிட்டது.

சுரண்டியதை ஒட்டவைக்க இயலாது. எனவே மிச்சக் கம்பிகளையும் சுரண்டினார். ஒரு கம்பியை விட்டால் அடுத்தது காட்டிக்கொடுத்தது. கடைசித் தூண் மறைந்தபோது சிவபாக்கியம் கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

அலுவலகத்தில் துரை படத்தை உற்றுப் பார்த்தார்.

"கிராணி, வேலி எங்கே?" அவர் தோட்டத் தமிழை நன்றாகவே பேசுவார்.

"வெளிச்சம்... அங்கே எட்டவில்லை, துரை."

"ரொம்ப நல்லது! வேலி இல்லாமே படம் ரொம்ப அழகு!"

போலீஸ் அதிகாரி ஃபிலிமைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அப்படியே சற்றுச் சாய்த்தால் போதும், பிளேடின் கீறல்கள் பளிச்சிடும். அதற்குள் துரை, மாலையோடு தாம் நின்ற படத்தை அதிகாரியின் கையில் திணித்து, மல்லிகையின் கனத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். அதிகாரியும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, ஃபிலிமைச் சுருட்டி உறைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

துரையின் விருப்பப்படி ஒரு பிரதி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் தாயம்மா அதன்முன் நின்றாள். குலசேகரம் அவளருகே வந்து, "இனிப் பயமில்லை" என்று முணுமுணுத்தார்.

அவள் கண்ணைச் சுருக்கிப் படத்தில் தேடினாள். தன் முகத்தைக் கண்டாள், கையைக் காணவில்லை. அதற்கப்பால் இருட்டுத்தான்.

"என்னங்கய்யா இது, வேலியே இல்லையே!" என்றாள். "இப்புடி இருந்திருந்தா நான் ஏன் திருட்டுத்தனமா கைய நீட்டப்போறேன்? நேரா நடந்துபோயி முனியாண்டி காலடியில வச்சிருப்பேனே."

"மெதுவாகப் பேசு" என்று கெஞ்சினார் குலசேகரம்.