விளக்கு வைத்த பிறகு சொல்லாத சொல்

செயற்கை நுண்ணறிவை எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று முதல் வகுப்பில் பேராசிரியை ஒவ்வொருவராகக் கேட்டார்.

"சம்பளம் மேடம்," என்றான் சிவபாண்டி. "வேற பொய் வேணும்னா யோசிச்சுச் சொல்றேன்."

சிரிப்பு அடங்கியபின் தமிழ்வாணி எழுந்தாள். "எங்க அப்பா பேசுறது எனக்கு மட்டுந்தான் மேடம் புரியுது. நான் காலேஜுக்கு வந்துட்டா அவருக்கு ஆளில்ல."

அப்பா சோணைமுத்து டவுன் பஸ் நடத்துநராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து நாக்கு குழறியது. அம்மா ஒச்சம்மாள் பாசக்காரிதான். ஆனால் அவர் என்ன சொன்னாலும் தண்ணீர்ச் செம்பைத்தான் நீட்டுவாள்.

மதியம் சிவபாண்டி அவளருகே வந்து உட்கார்ந்தான். "உங்கப்பாவுக்கு ஏதாச்சும் செய்வோம். நானும் சேந்துக்கிறேன் தமிழு."

அப்பாவின் குழறலைக் கேட்டு அதைத் தெளிவாகச் சொல்லும்படி கைப்பேசியைப் பழக்க நினைத்தார்கள். கல்லூரி முடிந்து ஆனையூரில் தமிழ்வாணியின் வீட்டுக்குப் போய், மாலைதோறும் அவர் குரலைப் பதிவு செய்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை சோதித்தார்கள். அப்பா காபி கேட்டார். கைப்பேசி "காபி" என்றது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அப்பா தன் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"வெளிச்சம்," என்றது கைப்பேசி.

அம்மா ஓடிப்போய் விளக்கைப் போட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குதுன்னு சொல்றாருடா," என்றாள் தமிழ்வாணி. "அந்த வார்த்தைய நாம பதியவே இல்ல."

"விளக்கு வச்ச நேரத்துல வலி, நோவுன்னு வாயால சொல்லலாமா?" என்றாள் அம்மா. "நான்தான் அதப் பதிய வேண்டாம்னு தடுத்தேன்."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

அவர் குழறியதைத் தமிழ்வாணி மெல்லத் திருப்பிச் சொன்னாள். "காலையில ஓட்டமா ஓடுற. நீ திரும்பி வாரப்ப உங்கம்மா விளக்கு வச்சிர்றால்ல."

அம்மா சுவரிலிருந்த மீனாட்சி படத்தின் முன்னால் போனாள். பகலிலேயே விளக்கை ஏற்றினாள்.

"ஆத்தா முன்னாலயே சொல்லுங்க. பிள்ளைக வலியக் கேட்டு அவ கோவிச்சுக்குவாளா?"

சிவபாண்டி கைப்பேசியை நீட்டினான். அவர் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அது கற்றுக்கொள்ளும்வரை அம்மா காத்திருக்கவில்லை. தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தோளைத் தேய்த்தாள்.

"இங்கயா? இம்புட்டு நாளும் இங்கதானா?"

சிவபாண்டி தயங்கினான். "அம்மா குரலும் பதிஞ்சிருச்சு. வெட்டிரவா?"

"இருக்கட்டும்டா," என்றாள் தமிழ்வாணி. "அதையும் அது கத்துக்கட்டும்."