பின்னால் யாரும் உட்காராத வண்டி

அத்தான் பஸ் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே தடம், அதே நிறுத்தங்கள். டெப்போவில் அவருக்கு ‘நாற்பது’ என்று பெயர். அவர் ஓட்டும் பஸ்ஸில் வேகமுள் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு புதன்கிழமை பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். செயின் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. சீட்டில் எலி குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்து போயிருந்தது.

அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

“என்னங்க இது?”

“வண்டி.”

“வண்டின்னு தெரியுது. எதுக்கு?”

அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்தது. தாழ்ந்த ஹேண்டில், நீண்ட டேங்க், பின்னால் திமில் வைத்த மாதிரி ஒரே ஒரு ஆளுக்கான சீட். ஒரு காலத்தில் இளவட்டங்கள் ஒரு காபிக் கடையிலிருந்து இன்னொரு காபிக் கடைக்குப் பந்தயம் விட்ட வண்டியாம். அதனால் கஃபே ரேசர்.

“விடியக்காலைலேர்ந்து என் முதுகுக்குப் பின்னால அம்பது பேர்,” என்றார் அத்தான். “ஒருத்தர் இருமறார். ஒருத்தர் போன்ல சண்டை போடறார். ஒருத்தர், ‘டிரைவரே, தூக்கமா?’ங்கறார். ஒரே ஒரு தடவை, பின்னால யாருமே இல்லாம ஏரிக்கரை ரோட்டைச் சுத்தி வரணும். வேற ஒண்ணும் கேக்கல.”

“அந்த அம்பதுல நானும் ஒண்ணா?”

அத்தான் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். காற்றே இல்லாத டயரில் அவ்வளவு நேரம் அமுக்கிப் பார்க்க என்ன இருந்ததோ.

“சரி,” என்றாள் அக்கா. “ஆனா சீட்டை நான்தான் தைப்பேன். வெளியில குடுத்தீங்க, நடக்கறதே வேற.”

இதில் நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அக்காவுக்குத் தம்பி. கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு விடுமுறை ஞாயிறு. அத்தானுக்கு வார விடுப்பு புதன். ஞாயிற்றுக்கிழமை நான் போய் வேலை செய்வேன், அவர் பஸ்ஸில் இருப்பார். மற்ற நாட்களில் டியூட்டி முடிந்து வந்து அவர் வேலை செய்வார், நான் பட்டறையில் இருப்பேன். இப்படியே எட்டு மாதம். நாங்கள் மூவரும் ஒன்றாக அந்த வண்டியைச் சுற்றி நின்ற நாட்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

முன்னறையைப் பழைய பெட்ஷீட் ஒன்றால் இரண்டாகப் பிரித்தோம். ஜன்னல் பக்கம் அக்காவின் தையல் மிஷின், அடுக்கி வைத்த வெள்ளைப் பள்ளிச் சட்டைகள். சுவர்ப் பக்கம் வண்டி. பெட்ஷீட்டைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அத்தான் ஒருமுறை மறந்துபோய் ஒரு சட்டைக் காலரை நகர்த்தி வைத்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் அந்தப் பக்கம் போகும்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் போனார், போலீஸ் பிடித்தவர் மாதிரி.

கழற்றிய நட்டு, போல்ட்டை எல்லாம் சின்னச் சின்னப் பையில் போட்டு, அக்காவின் ஆர்டர் அட்டைகளைக் குத்தி வைத்தோம். ‘இடது பக்கம், மேல்’, ‘கார்பரேட்டர், கீழ்’ என்று. அட்டை தீர்ந்ததும் அக்கா பழைய அட்டைகளைத் திருப்பி எழுதிக் குத்தினாள். எந்தப் பக்கம் புது எழுத்து என்பது அவளுக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் முழுக்க, “இடுப்பு முப்பத்திரண்டு, லூஸா வேணும்னு போட்டிருக்கு, இது எந்த நட்டு?” என்று தேடிக்கொண்டிருந்தார்.

நான் வெல்டிங் மிஷினைக் கொண்டுவந்து வீட்டின் பின்பக்கத்தில் வைத்துச் சேசிஸின் வால் பகுதியை அறுத்தேன். அன்று ஞாயிறு. அத்தான் ஒவ்வொரு முறை பஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் போன் செய்தார்.

“அறுத்துட்டியா மச்சான்?”

“பாதி.”

“நல்லா யோசிச்சியா? திரும்ப ஒட்ட வெச்சா ஒட்டுமா?”

“அத்தான், நான் வெல்டர்.”

“அதான் கேக்கறேன்.”

அறுத்த இடத்தில் குழாயை வளைத்துப் பற்றவைத்த பிறகு, ஹேண்டிலும் கால்மிதியும் எங்கே வர வேண்டும் என்று குறிக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி வண்டியில் ஹேண்டில், முன் ஃபோர்க்கின் குழாய்களிலேயே கீழே இறங்கி நிற்கும். கால்மிதி பின்னால் தள்ளிப் போகும். ஆள் உட்கார்ந்து குனிந்து பார்த்தால்தான் சரியான இடம் தெரியும். ஆளோ நாற்பதில் போய்க்கொண்டிருந்தார்.

“நான் உட்காரட்டுமா?” என்றாள் அக்கா. “எனக்கும் அவருக்கும் ஒரே உயரம். காலும் ஒரே நீளம், கையும் ஒரே நீளம். அவர் பேண்ட், சட்டையெல்லாம் யார் தைக்கறா?”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமை அக்கா வெறும் சேசிஸின் மேல் பலகை போட்டு உட்கார்ந்தாள். “இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்க. மிதி இன்னும் ரெண்டு விரக்கடை பின்னால.” அவள் சொல்லச் சொல்லச் சாக்பீஸால் கோடு போட்டேன். கோடு போட்ட இடத்தில் பற்றவைத்தேன். அளவில் ஒரு நூல் பிசகவில்லை.

இன்ஜின் அத்தானின் பொறுப்பு. அது முதன்முதலாக உயிர் பெற்ற சாயங்காலம் நான் அங்கே இல்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். நாற்பது உதைக்கு மேல் உதைத்து, சட்டை நனைந்து, ‘போ சனியனே’ என்று திட்டிவிட்டுச் சும்மா ஒரு உதை விட்டாராம். அது பிடித்துக்கொண்டது. வெட்டு மேஜையில் இருந்த கத்தரிக்கோல் நடந்தே போய்க் கீழே விழுந்ததாம். எதிர்வீட்டுக்காரர், “மிஷினுக்குப் புது மோட்டார் போட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தாராம்.

கடைசியில் டேங்குக்குக் கரும்பச்சை அடித்தோம். அக்கா பழுப்புத் தோலில் சீட் தைத்தாள். குறுக்கே ஒன்பது வரித் தையல், ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்த மாதிரி. வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு புதன்கிழமை காலை. நான் பட்டறைக்கு அரைநாள் விடுமுறை விட்டிருந்தேன். அத்தானோடு பதினைந்து வருடமாக ஓடும் கண்டக்டரும் வந்திருந்தார்.

அத்தான் ஹெல்மெட் மாட்டி ஏறி உட்கார்ந்தார். குனிந்தார். இன்ஜின் ஓடியது. அவர் கிளம்பவில்லை.

“என்னய்யா?” என்றார் கண்டக்டர்.

“நீ சொல்லாம கால் வரமாட்டேங்குது.”

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “போலாம் ரைட்!” என்றார். தெரு சிரித்தது. வண்டி முனை திரும்பி மறைந்தது.

ஏரியைச் சுற்றி வரப் பத்து நிமிடம் போதும். இருபத்தைந்து நிமிடம் கழித்து அத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வெல்டிங்தான் விட்டுவிட்டது என்று நினைத்துக் கீழே குனிந்து பார்த்தேன்.

“அதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றார். “எனக்குத்தான்.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். “வயிறு டேங்கில இடிக்குது. மணிக்கட்டு மரத்துப் போச்சு. தலையைத் தூக்கினா கழுத்து பிடிச்சுக்குது. முன் சக்கரத்தையே பார்த்துட்டுப் போனேன் மச்சான். ஏரி எந்தப் பக்கம் இருந்துதுன்னே தெரியல.”

“இருபத்திரண்டு வருஷம் டிரைவர் சீட்டுல உட்கார்ந்து உன் உடம்பே நாற்காலி ஆயிடுச்சுய்யா,” என்றார் கண்டக்டர். “நாற்காலியை மடக்கினா ஒடியத்தான் செய்யும்.”

அத்தான் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “பழைய ஹேண்டிலை மாட்டிடு. கால்மிதியையும் முன்னால கொண்டா. சீட்டையும் உசத்து.”

“அப்புறம் அது கஃபே ரேசர் இல்ல அத்தான். தண்ணிக் கேன் போடற வண்டி.”

“இருந்துட்டுப் போகட்டும். நான் அதுல ஏரியைச் சுத்தணும்.”

எட்டு மாதம் காத்திருந்தவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்பேனர் பையை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அக்கா வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

“தையல் இழுத்திருக்கான்னு பார்த்தேன்,” என்றாள்.

யாரும் தையலைப் பார்க்கவில்லை. அவள் குனிந்து ஹேண்டிலைப் பிடித்திருந்த விதத்தைத்தான் பார்த்தோம். ஜன்னலோரம் இருபது வருடமாகத் துணிமேல் குனிந்த அதே முதுகு. அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது வாசலில் வந்து நின்றால் முதுகை நிமிர்த்தாமல் தலையை மட்டும் தூக்கிப் பேசுவாள். இப்போதும் அப்படியே தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தாள். கை, கால், டேங்கை ஒட்டிய முழங்கால், எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

“இது யாருக்கு அளவெடுத்த வண்டி?” என்றார் கண்டக்டர்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமைக் கதையை ஒப்புக்கொண்டேன்.

“அப்போ என் வண்டிக்கு வேற ஒருத்தர் உடம்புல அளவெடுத்திருக்கே,” என்றார் அத்தான்.

“வேற ஒருத்தரா?” என்றாள் அக்கா. “உங்க பொண்டாட்டிங்க நான்.”

அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எனக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்ததே அக்காதான், எங்கள் அப்பாவின் வண்டியில். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஓட்டியதெல்லாம் ஸ்கூட்டர்தான், சட்டைக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக.

“ஏங்க, அவன் கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?”

அத்தான் ஸ்பேனர் பையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தான் ஆசைப்பட்டு இன்னும் போகாத ஊருக்கு அடுத்தவரை வழியனுப்புகிறவர் முகம் அவருக்கு.

“போயிட்டு வா,” என்றார். “கிளட்ச் கொஞ்சம் கடிக்கும். பார்த்து விடு.”

அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

நாங்கள் மூவரும் தெருமுனை வரை நடந்தோம். அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரியும். அத்தான் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். அக்கரையில் கரும்பச்சையாக ஒரு புள்ளி ஓடியது. சத்தம் கொஞ்சம் தாமதித்துத் தண்ணீர் மேல் வந்தது. முன்னறைக்குள் கத்தரிக்கோலைத் தள்ளிவிட்ட சத்தமா இது? கனமாக, உருண்டு, நிதானமாக வந்தது.

அத்தான் பேச்சை நிறுத்தும்படி எங்களுக்குக் கை காட்டினார்.

“ரெண்டு... மூணு. இப்ப வளைவு வரும், மூணுலயே விடு, விடு... விட்டா. இப்ப நாலு போடணும்.” சத்தம் தாழ்ந்து மறுபடி எழும்பியது. “போட்டுட்டா!”

“அறுபது இருக்கும்,” என்றார் கண்டக்டர். “உனக்குத் தெரியாத நம்பர்.”

“நாம செஞ்சதா மச்சான் அது?” என்றார் அத்தான். இன்ஜினுக்கு மேலே குனிந்தும், பக்கத்தில் மண்டியிட்டும், காதைச் சிலிண்டரில் வைத்தும் எட்டு மாதம் கேட்டவர் அவர். தூரத்தில் நின்று அது போவதை இன்றுதான் கேட்கிறார். இடுப்பிலிருந்த கை எப்போது கீழே இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

அக்கா முனைக்கு வந்தாள். நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, எங்களைக் கடந்துபோகிற போக்கில், “இன்னும் ஒண்ணு!” என்று கத்தினாள். பதினாறு வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியெடுத்தபோது கூட அவள் முகம் இப்படி இருந்ததில்லை.

“போ! போ!” என்று அத்தானும் கத்தினார். “வளைவுல மூணுலயே விடு!”

நான் ஸ்பேனர் பையைத் தூக்கிக் காட்டினேன். “அத்தான், இவ வந்ததும் கழட்டிடவா?”

“எதைக் கழட்டணும்? அந்த வண்டியைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.” அவர் கண்ணை ஏரியிலிருந்து எடுக்கவில்லை. “இரும்புக் கடையில இன்னொண்ணு நிக்குது மச்சான். அது எனக்கு. நிமிர்ந்து உட்கார்ற மாதிரி செய்யணும். நான் ஞாயித்துக்கிழமை லீவு போடறேன், என் உடம்புல அளவெடு.”

“அதுலயாவது பின் சீட்டு வைப்பியா?” என்று கேட்டார் கண்டக்டர்.

அக்கரையில் சத்தம் மூன்றிலிருந்து நான்குக்கு மாறியது.

“எதுக்கு?” என்றார் அத்தான். “அவதான் முன்னால போறாளே.”