தபாலாபீசில் என் தம்பி

வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்: "உள்ளே இருப்பவர்களுக்கு இது நூறு வருடத்துக்கு முந்தைய ஊர். இன்றைய சங்கதி எதையும் அவர்களிடம் கேட்காதீர்கள்." கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று பலகையிடம் சொல்ல முடியுமா?

கொல்லர் பட்டறை, ரொட்டிக்கடை எல்லாவற்றையும் தாண்டி நேராகத் தபாலாபீசுக்குப் போனேன். அங்கே என் தம்பிதான் போஸ்ட்மாஸ்டர். நன்றாகப் போய்க்கொண்டிருந்த இன்ஜினியர் வேலையை உதறிவிட்டு, பழங்கால ஊர்க்காரர்களாக வேஷம் கட்டி நடித்துக் காட்டும் இந்த அருங்காட்சியகத்தில் சேர்ந்தான். அன்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "வேஷம் கட்டுறவனுக்கு என் வீட்டுல இடமில்ல" என்று கத்தினேன். எனக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். மூன்று வருடம் ஆயிற்று, ஃபோனைக்கூட எடுப்பதில்லை. அந்த வார்த்தையை எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

கறுப்புக் கோட்டும் ஒட்டு மீசையுமாகப் பித்தளைத் தராசில் ஒரு பார்சலை நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எடைக்கல் கைநழுவியது. குனிந்து எடுத்து வைத்துவிட்டு, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்றான், யாரோ எவரோபோல.

"உன் ஃபோனுக்கு என்னடா ஆச்சு?"

"டெலிஃபோனா? பட்டணத்துல இருக்குன்னு கேள்வி. நம்ம ஊருக்கு இன்னும் வரலீங்க."

பின்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்போதுதான் மூலையில் இருந்த ஒரு பெண்ணைக் கவனித்தேன். நீளப் பாவாடையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற சாக்கில் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்; மேற்பார்வையாளராகத்தான் இருக்க வேண்டும். வேஷம் கலைந்தால் வேலைக்கே உலை என்று அவன் கண் கெஞ்சியது. சரி, அவனுடைய அந்தப் பழைய ஊருக்கு நான்தான் போக வேண்டும்.

"ஒரு கார்டு எழுதணும், என் தம்பிக்கு. கண்ணாடி கொண்டு வரல. நீங்களே எழுதிடுங்க."

அவன் பேனாவை மையில் தொட்டான். "சொல்லுங்க."

"தம்பி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு." பின்னால் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். "எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன். உன் தட்டை ரெண்டு நாள் கழுவாம வெச்சிருந்தேன்டா."

பேனா நின்றது. கார்டில் ஒரு சொட்டு மை விழுந்தது.

"விலாசம்?" என்றான், தலை நிமிராமல்.

எந்தத் தெரு, மாடியா, கீழ் வீடா, தனியாக இருக்கிறானா, எதுவும் தெரியாது. ஊர் வம்பெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள், கூடப் பிறந்தவன் வீடு தெரியாமல் நின்றேன். வெட்கமாக இருந்தது.

"தெரியாதுங்க."

"பரவால்லம்மா. விலாசம் இல்லாத தபாலையும் சேக்குறதுதான் எங்க வேலை."

அவனே எழுதினான். நிதானமாக எழுதினான். நூறு வருடத்துக்கு முந்தைய தேதி முத்திரையை ஓங்கிக் குத்தி, பெட்டியில் போடாமல் என் கையில் கொடுத்தான். "இத நீங்களே நேர்ல குடுத்துருங்க."

வெளியே வந்து கைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினேன். கதவு எண், தெரு, மூன்றாவது மாடி. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: "திங்கக்கிழமை எனக்கு லீவு. லிஃப்ட் கிடையாது. முட்டி வலியோட அவசரப்படாம மெதுவா ஏறி வா."