பின்னோக்கி ஓட்டுதல்

டிரெய்லரை வண்டியோடு கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கும் ஆளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. சக்கர வீடுகளான டிரெய்லர்களை நிறுத்தித் தங்கும் முகாம்களில் எழுதி வைக்காத சட்டம் அது. இடையில் பேசினால் எதை மாட்டினோம், எதை விட்டோம் என்பது மறந்துபோகும். அப்புறம் நெடுஞ்சாலையில் டிரெய்லர் தனியாகக் கழன்று ஓடும். அன்று காலை என் கணவர் வெர்லிடம் யாரும் பேசவில்லை. அதனால்தான் பேச்சில் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நெப்ராஸ்காவில் அக்டோபர் முடியும் சமயம். புல்லின் மேல் உறைபனி படியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தங்கினால் டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். குளிர்காலத்துக்கு நாங்கள் அரிசோனா போய்விடுவோம். மினசோட்டாவில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த டிரெய்லரை வாங்கினோம். வேறு வீடு கிடையாது. இழுப்பது எப்போதும் வெர்ல்தான். நான் ஒருமுறைகூட இழுத்ததில்லை.

கோடையிலிருந்து அவருக்கு மறதி. முதலில் பெயர்கள் போயின. பிறகு அடுப்பில் வைத்த காபிப் பாத்திரம். கிளம்பும் நாட்களில் அவர் கழிப்பறைக்குப் போகும் நேரம் பார்த்து நான் குனிந்து கொக்கியைச் சோதிப்பேன். நான் சோதிப்பது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்க மாட்டேன்.

அன்று கொக்கியின் ஆணி செருகப்படவில்லை. பாதுகாப்புச் சங்கிலிகள் தரையில் கிடந்தன. நான் ஆணியைச் செருகிக்கொண்டிருந்தபோது அருகில் அவருடைய பூட்ஸ் தெரிந்தது.

“என்ன பண்றே ஆர்லிஸ்?”

“சும்மா பாத்தேன்.”

“நான் மாட்டினதைக் கழட்டுறியா?”

“இல்ல வெர்ல். ஆணி போடாமலே இருந்துச்சு.”

“வாழ்நாள் பூரா லாரி ஓட்டினவன் நான். என்கிட்டயே கதை விடுறியா?”

ஆமாம், நான்தான் கழட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒரு முறை முறைத்துவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பார். கோடை முழுக்க அப்படித்தான் பழியை ஏற்றுச் சமாளித்தேன். காபிப் பாத்திரத்தைக் கருக்கியதும் நான்தான் என்று சொல்லியிருந்தேன்.

“நான் கழட்டல,” என்றேன். “சாவியைக் குடு.”

பாக்கெட்டில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். பிறகு கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியை நான் ஓட்டினேன். ஒரு திருப்பத்தில் டிரெய்லரின் சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. உள்ளே அலமாரி திறந்து பாத்திரங்கள் கொட்டுவது முன்னால் வரை கேட்டது. முன்பு இதற்கு ஒரு மணி நேரம் திட்டுவார். இப்போது அறுவடை முடிந்த சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் திட்டுக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கான்சாஸில் ஒரு முகாமுக்குள் நுழைந்தோம். புதிதாக வருகிறவர்கள் டிரெய்லரைப் பின்னோக்கி விடுவதை வேடிக்கை பார்ப்பதுதான் அங்கே எல்லோருக்கும் மாலைப் பொழுதுபோக்கு. பக்கத்து இடத்தில் மடக்கு நாற்காலி போட்டு பீரோடு உட்கார்ந்திருந்த ஒருவர் குரல் கொடுத்தார்.

“வாங்கப்பா, இன்னிக்கு ஷோ ஆரம்பிச்சாச்சு! மேடம், அந்த மரத்தை மட்டும் விட்டுடுங்க. மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்!”

எல்லோரும் சிரித்தார்கள். வெர்ல் இறங்கினார். எப்போதும் அவர் ஓட்டுவார், நான் பின்னால் நின்று கைகாட்டுவேன். இன்று மாறியிருந்தது.

“கண்ணாடியில நீ எனக்குத் தெரியணும். தெரியலேன்னா நிறுத்திடுவேன்,” என்றேன்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்றார். கேலிதான். பழைய வெர்லின் குரல். அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது.

கண்ணாடியில் அவர் கை வா வா என்றது. இடது பக்கம் ஒடி என்றது. ஒடித்தேன். டிரெய்லர் சரியாக உள்ளே திரும்பியது. இன்னும் கொஞ்சம். கை கண்ணாடியை விட்டு விலகியது. திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி தாமதமானது.

“நிறுத்துங்க! மேடம், நிறுத்துங்க!”

நாற்காலி ஒன்று கவிழும் சத்தம் கேட்டது. நான் நிறுத்திவிட்டு ஓடினேன்.

டிரெய்லரின் பின்சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் வெர்ல் நின்றிருந்தார். ஒரு ஆள் நிற்கும் இடம்தான் மிச்சம். காயம் இல்லை. இரண்டு கைகளையும் நெஞ்சை நோக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

“வா, வா. இன்னும் நிறைய இடம் இருக்கு.”

பக்கத்து இடத்துக்காரர் அவர் முழங்கையைப் பிடித்து மெல்ல வெளியே கொண்டுவந்தார். நாற்காலிகளில் யாரும் சிரிக்கவில்லை.

“நான் உள்ள விட்டுத் தரட்டுமா மேடம்?”

சாவியை அவரிடம் கொடுத்தேன்.

“நல்லா உள்ள தள்ளி நிறுத்துங்க,” என்றேன். “அரிசோனா போகல. இனிமே இதை எடுக்கப் போறதில்ல.”

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“குளிர்காலம் இங்கயும் மோசம் மேடம். குழாயெல்லாம் வெடிச்சிடும்.”

“தெரியும்,” என்றேன்.